பக்கத்து மனையில் உயர்மாடி வருகிறது: காவிரிப் படுகையின் பிளாட் உரிமையாளர்கள் கேட்கும் கேள்விகள்

தில்லைநகரிலோ கண்டோன்மென்டிலோ, தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையிலோ, கும்பகோணத்திலோ ஐந்து மாடிக் குடியிருப்பில் பிளாட் வாங்கியிருப்பீர்கள். பால்கனியில் நின்றால் மலைக்கோட்டையோ ராஜகோபுரமோ காவிரியோ தெரியும். ஒரு நாள் பக்கத்துக் காலி மனையில் தகர வேலி அடிக்கிறார்கள், போர்வெல் வண்டி வந்து நிற்கிறது. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவே எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பால்கனியிலிருந்து மலைக்கோட்டை தெரிவது என் உரிமை இல்லையா? பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்?

இல்லை. மனம் ஒப்பாது, ஆனாலும் இதை முதலில் ஏற்றுக்கொண்டால் ஆறு மாதமும் ஒரு வக்கீல் கட்டணமும் மிஞ்சும். இங்கிலாந்தில் 1610-இல் ஆல்ட்ரெட் என்பவரின் வழக்கிலேயே, காட்சி கண்ணுக்கு இன்பம் மட்டுமே, அது மறைந்தால் வழக்குத் தொடர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நம் நீதிமன்றங்களும் அதே வழியில்தான் போகின்றன. எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் காட்சிக்கு உரிமை பிறக்காது. பக்கத்து மனைக்காரர் “இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டமாட்டேன்” என்று எழுதிக்கொடுத்துப் பத்திரம் பதிவாகியிருந்தால் மட்டுமே அதைப் பிடித்துக்கொள்ள முடியும்.

வெளிச்சம், காற்று, உங்கள் கட்டடத்தைத் தாங்கும் மண் ஆகிய மூன்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. போராட்டத்தை அங்கே கொண்டுபோங்கள்.

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உள்ள உரிமை எப்படி வருகிறது?

வக்கீல்கள் ஈஸ்மென்ட் சட்டம் என்று சொல்லும் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 15. ஒரு கட்டடத்தின் ஜன்னல் வழியாக 20 ஆண்டுகள் இடைவிடாமலும் தகராறு இல்லாமலும் வெளிச்சமோ காற்றோ வந்திருந்தால் அது உரிமையாகிறது. பக்கத்து நிலம் அரசுக்குச் சொந்தமானது என்றால் 30 ஆண்டுகள். இந்தக் கணக்கில் பலர் சறுக்குகிற இடங்கள் உண்டு.

இந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவடையும் காலமாக இருக்க வேண்டும். 25 வருடம் வெளிச்சம் வந்தது, மூன்று வருடத்துக்கு முன் சுவர் எழுப்பி மறைத்துவிட்டார்கள், இப்போதுதான் நீதிமன்றம் போகிறேன் என்றால் நிற்காது. தடை எழும்பியது தெரிந்தும் ஓராண்டு அதற்கு உடன்பட்டு இருந்துவிட்டாலும் தொடர்ச்சி அறுந்துபோகும்.

அடுத்தது, உரிமை கட்டடத்துக்குத்தான். காலி முற்றத்துக்கோ தோட்டத்துக்கோ வரும் வெளிச்சத்தை 20 ஆண்டுக் கணக்கில் கேட்க முடியாது; பிரிவு 17 அதை வெளிப்படையாக விலக்குகிறது. மொட்டை மாடியில் வடகம் காயவில்லை என்ற குறை நியாயமானதுதான், வழக்காகாது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. உங்களுக்கு பிளாட் விற்ற பில்டரே பக்கத்து மனையையும் அப்போது வைத்திருந்தாரா? அப்படியானால் பிரிவு 13-ஐப் படியுங்கள். வீட்டை விற்றுவிட்டுப் பக்கத்து நிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டவர், அந்த வீடு விற்றபோது அனுபவித்த வெளிச்சத்தைப் பின்னால் மறைக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவிலேயே உதாரணமாகத் தரப்பட்டிருக்கிறது. இதற்கு 20 ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே பக்கத்து சர்வே எண்ணுக்கு 30 ஆண்டு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய் செலவுதான்.

வெளிச்சம் குறைந்தாலே தடையாணை கிடைக்குமா?

கிடைக்காது. பிரிவு 33 ‘கணிசமான’ பாதிப்பைக் கேட்கிறது. உங்கள் உடல் வசதியைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்க வேண்டும், அல்லது அங்கே செய்துவந்த தொழிலைப் பழையபடி செய்ய முடியாமல் ஆக்க வேண்டும். பகல் 11 மணிக்கும் சமையலறையில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது என்றால் அது பேச்சு. ஹால் முன்பைவிடச் சற்று மங்கல் என்றால் நீதிபதி நகர்ந்துவிடுவார்.

எவ்வளவு மறையும் என்று கட்டுவதற்கு முன்பே கணக்கிட முடியுமா?

முடியும், அசோசியேஷன் கூட்டத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலில் சுமார் 56 பாகை உயரத்தில் நிற்கும். ஆனியில் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும்.

புதிய கட்டடம் 30 மீட்டர், இரண்டு சுவர்களுக்கும் நடுவே 10 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அது உங்களுக்குத் தெற்கே வந்தால், மார்கழி நண்பகலில் நிழல் உங்கள் சுவரில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரம்வரை ஏறும். நான்காவது மாடிவரை தெற்கு ஜன்னல்களுக்கு அந்த மாதத்தில் நேர் வெயில் கிடையாது. கிழக்கே வந்தால், மார்ச், செப்டம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில், 15 மீட்டர் உயரத்தில் உள்ள ஜன்னலுக்கு வெயில் எட்டிப் பார்க்கவே சுமார் 10 மணி ஆகும். ஏழரை மீட்டர் உயரத்தில் உள்ள இரண்டாம் மாடி ஜன்னலுக்கு ஏறக்குறைய 10.40. மேற்கே வந்தால் கதை வேறு. நம் ஊர்ச் சித்திரை, வைகாசி மாலை வெயிலை அது மறைக்கும். பல வீடுகளுக்கு அது நல்லதுதான். ஆனால் ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது, அது போய்விடும். நாகப்பட்டினம் பக்கம் என்றால் பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றைப் பாருங்கள்.

சாட்சியம் இப்போதே சேருங்கள். பாதிக்கப்படும் ஒவ்வொரு ஜன்னலிலும் காலை 8, 10, 12, மாலை 4 மணிக்கு வெயில் விழும் எல்லையைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நாள் தெரியும் செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, மேசை உயரத்தில், லக்ஸ் மீட்டரால் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கைபேசிச் செயலியின் அளவு நீதிமன்றத்தில் நிற்காது. ஒரு பொறியாளர் அளந்து கையெழுத்திட்ட அறிக்கை நிற்கும்.

இரண்டு மாடியைக் குறைக்கச் சொன்னால் மலைக்கோட்டை திரும்பத் தெரியுமா?

பேச்சுவார்த்தையில் எல்லோரும் கேட்பது இதைத்தான். கேட்டுப் பயனில்லை. மலைக்கோட்டை உயரம் 83 மீட்டர். மூன்று கிலோமீட்டர் தள்ளி, 19 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் அதன் உச்சி உங்கள் கண்மட்டத்துக்கு மேலே வெறும் ஒன்றேகால் பாகை. பத்து மீட்டர் தூரத்தில் 30 மீட்டர் சுவர் நின்றால் அது 48 பாகைக்கு மறைக்கிறது. இரண்டு மாடி குறைந்தாலும் கிட்டத்தட்ட 27 பாகை மறையும். உச்சிப்பிள்ளையார் கோயில் அப்போதும் சுவருக்குப் பின்னால்தான்.

பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லுங்கள். அதே பத்து மீட்டர் தூரத்தில் கட்டடத்தின் விளிம்பை மூன்று மீட்டர் தள்ளினால் சுமார் 17 பாகை அகலத்துக்கு வழி திறக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்துப் பாருங்கள், அது சுமார் 10 பாகை. அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். தூரத்துக் குன்றோ கோபுரமோ அதற்குள் அடங்கிவிடும். பில்டருக்கும் ஒரு சதுர அடிகூட நட்டமில்லாமல் இதைச் செய்ய முடிகிற மனைகள் உண்டு, ஆனால் அஸ்திவார வரைபடம் முடிவாவதற்கு முன்பு கேட்டால்தான்.

பக்கத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. தரையிலிருந்து 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். அதற்குள் என்றால் சாதாரணக் கட்டடம். ஸ்டில்ட்டும் (தரை மட்டத்தில் தூண்கள் மட்டும் உள்ள வண்டி நிறுத்தத் தளம்) ஐந்து மாடியும் பொதுவாக இதற்குள் அடங்கும். விதிகள் வெளியானபோது சாதாரணக் கட்டடத்துக்கு தளப்பரப்புக் குறியீடு (எல்லா மாடிகளின் பரப்பும் மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு என்ற அளவு) 2, உயரமானதற்கு அதிகபட்சம் 3.25. உயரமான கட்டடம் 30 மீட்டர்வரை நான்கு பக்கமும் 7 மீட்டர் விட வேண்டும்; அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடும். விதிகளில் அடிக்கடி திருத்தம் வருவதால், அந்தக் கட்டடத்தின் அனுமதித் தேதியில் நடப்பிலிருந்த வாசகத்தை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

சாலை அகலம்தான் சாவி. உயரமான கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் சாலை போதிய அகலம் இல்லையென்றால் அந்த உயரமே கிடையாது. டேப்பைப் பிடித்து அளங்கள், மனை முன்னால் மட்டுமல்ல, பெரிய சாலையைத் தொடும்வரை. வரைபடத்தில் 12 மீட்டர் என்று எழுதி, தரையில் 10.5 இருந்தால் அதுவே உங்கள் வலுவான ஆட்சேபணை.

காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி; அங்கே இந்த விதிகள் பொருந்தா.

கோயில், விமான நிலையம் பக்கம் என்பதால் தடை உண்டா?

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பொருந்தும். எல்லையிலிருந்து 100 மீட்டர்வரை புதிய கட்டுமானம் தடை, அடுத்த 200 மீட்டர் அனுமதியோடு மட்டும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், கங்கைகொண்ட சோழபுரம் இந்த வகை. திருவரங்கம் பெரிய கோயில் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருப்பது. 300 மீட்டர் கணக்கை அதற்கு நேராகப் போட்டுவிடாதீர்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் என்பதுபோல, சில கோயில்களுக்குத் தனி உயரக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

திருச்சி விமான நிலையத்தைச் சுற்றி உயர அனுமதி விமான நிலைய ஆணையத்திடமிருந்து வர வேண்டும். 2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி எந்த இடத்தில் எவ்வளவு உயரம் என்பதை நிறம் பிரித்துக் காட்டும் வண்ண மண்டல வரைபடம் இருக்கிறது. தஞ்சாவூரில் விமானப் படைத் தளம் இருப்பதால் அவர்களின் தடையில்லாச் சான்று. இந்த உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுபவை, தரையிலிருந்து அல்ல. ஆட்சேபணை மனுவில் இதைக் குழப்பினால் முதல் பத்தியிலேயே மதிப்புப் போய்விடும்.

அனுமதி வரைபடத்தை எப்படிப் பார்ப்பது?

முதலில் வேலியில் மாட்டியிருக்கும் பலகையைப் படம் எடுங்கள். திட்ட அனுமதி எண், உள்ளாட்சியின் கட்டட அனுமதி எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு வீடுகளுக்கு மேலோ என்றால் ரெரா பதிவில்லாமல் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் மாவட்டவாரியாகப் பதிவான திட்டங்கள் இருக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள்.

கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள். “எல்லா ஆவணங்களும்” என்று கேட்காதீர்கள். இழுத்தடிக்க அது வசதி. திட்ட அனுமதி உத்தரவு, மனை வரைபடம், குறுக்குவெட்டு வரைபடம், நான்கு பக்க இடைவெளி அட்டவணை, தீயணைப்புத் துறைச் சான்று, விமான நிலைய உயரச் சான்று, மண் பரிசோதனை அறிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பில்டரிடம் ஆட்சேபம் கேட்க வேண்டியிருந்தால் 40 நாள்வரை ஆகலாம். அதற்குள் கான்கிரீட் இரண்டு மாடி ஏறிவிடும், எனவே வேலி அடித்த வாரமே அனுப்புங்கள். மாநகராட்சிக்கு ஒன்று, நகர் ஊரமைப்புக்கு ஒன்று, தனித்தனியாக.

வரைபடம் கைக்கு வந்ததும் தரையில் அளந்து ஒப்பிடுங்கள். அடிக்கடி தவறுவது பக்க இடைவெளியில்: ஜெனரேட்டர் அறை, டிரான்ஸ்ஃபார்மர், வாட்ச்மேன் அறை, சரிவுப்பாதை எல்லாம் தீயணைப்பு வண்டி சுற்ற வேண்டிய இடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

மீறல் இருக்கிறது. யாரிடம் போவது?

அளவோடும் படத்தோடும் மாநகராட்சி ஆணையருக்கும் நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் மனு. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் மீறலை அகற்றவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் தருகின்றன. பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை என்றால் மதுரைக் கிளை; திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் சென்னை.

வெளிச்சம், காற்று, மண் தாங்கல் பற்றிய வழக்கு உள்ளூர் உரிமையியல் நீதிமன்றத்தில். இடைக்காலத் தடைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39. அதோடு சேர்த்து ஆணை 26, விதி 9-இன் கீழ் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து இடத்தைப் பார்க்கச் சொல்லி மனு போடுங்கள். ஆணையர் ஒரு பொறியாளரோடு வந்து அளந்த அறிக்கை உங்கள் பத்துப் பக்கக் குற்றச்சாட்டைவிட கனமானது. கட்டடம் கூரை வரை போன பிறகு வருகிறவர்களுக்கு நீதிமன்றம் பெரும்பாலும் இழப்பீட்டைப் பற்றித்தான் பேசும்.

மண் தாங்கல் என்கிறீர்களே, அது என்ன?

நம் பகுதியில் காட்சியைவிடப் பல மடங்கு கவலைப்பட வேண்டியது இது. படுகை மண் ஆற்று வண்டல்: மணலும் களியும் அடுக்கடுக்காக, காவிரியை ஒட்டி நிலத்தடி நீர் மேலேயே. உங்கள் பழைய குடியிருப்பு ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் தனித்தனிப் பாதங்களில் (ஒவ்வொரு பில்லருக்கும் அடியில் உள்ள கான்கிரீட் அடிப்பகுதி) நிற்கலாம். பக்கத்தில் தரைக்குக் கீழே ஒரு தளத்துக்கு (பேஸ்மென்ட்) நான்கு மீட்டர், இரண்டுக்கு ஏழு மீட்டர் தோண்டுவார்கள். உங்கள் பில்லர் பாதத்தின் அடி விளிம்பிலிருந்து 45 பாகையில் கீழே ஒரு கோடு இழுங்கள். பள்ளம் அந்தக் கோட்டை வெட்டினால், தோண்டுமுன் தாங்குசுவர் வேண்டும். நீர் ஊறிய மணலில் 45 போதாது, கோடு இன்னும் படுத்திருக்கும்.

இரண்டாவது ஆபத்து மோட்டார். பள்ளத்தில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைக்கும்போது நீரோடு நுண்மணலும் போனால் உங்கள் பாதத்துக்கு அடியில் வெற்றிடம் விழுகிறது. வெளியே விடும் குழாயில் ஒரு வாளி பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் விரல் கனத்துக்கு மணல் படிந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும் ஆடியிலிருந்து வடகிழக்குப் பருவமழை முடியும்வரை ஆழம் தோண்டுவதைத் தள்ளிப்போடச் சொல்வது நியாயமான கோரிக்கை.

சட்டம் இதில் உங்கள் பக்கம். நிலத்துக்குப் பக்கத்து நிலத்தின் தாங்கல் இயற்கை உரிமை. 20 ஆண்டு நின்ற கட்டடத்துக்கும் அதே பிரிவு 15-இன்படி தாங்கல் உரிமையாகிறது.

பில்டரிடம் என்னென்ன எழுதி வாங்கலாம்?

தோண்டுமுன் உங்கள் கட்டடம் முழுதும் கூட்டு ஆய்வு, ஒவ்வொரு அறையும் படத்தோடு, இரு தரப்புக் கையெழுத்தோடு. செலவு அவருடையது. அடித்து இறக்கும் பைல் (ஆழத்துக்குப் போகும் அஸ்திவாரத் தூண்) வேண்டாம், துளையிட்டு வார்க்கும் பைல். உங்கள் கட்டடம் இறங்குகிறதா என்று பார்க்க வாரம் இருமுறை மட்ட அளவு, அதன் நகல் உங்களுக்கு. இரவு 10 முதல் காலை 6 வரை வேலை கிடையாது. உங்கள் பக்கச் சுவருக்கு வெளிர் வண்ணம். இது சின்ன விஷயமாகத் தெரியும், கீழ் மாடிகளில் எதிரொளி வெளிச்சத்தை இதுதான் தீர்மானிக்கும். கழிவறைக் காற்றோட்டமும் ஏ.சி. வெளி அலகுகளும் உங்கள் படுக்கையறைக்கு நேரே வராமை. வாய்ச்சொல் வேண்டாம், முத்திரைத்தாளில் ஒப்பந்தம், அசோசியேஷன் தீர்மானத்தோடு. உயரத்தையோ இடைவெளியையோ நிரந்தரமாகக் கட்டுப்படுத்தும் உறுதி என்றால் பதிவு செய்யுங்கள்.

“காவிரி வியூ” என்று கூடுதல் பணம் வாங்கினார்கள். இப்போது மறைகிறது.

மறைப்பவர் வேறு ஒருவர் என்றால் அவரைக் கேட்க முடியாது. உங்களுக்கு விற்றவரைக் கேட்கலாம். ரெரா சட்டம் பிரிவு 12 பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடோ, விலகினால் வட்டியோடு பணமோ தருகிறது. பிரசுரம், விலைப்பட்டியலில் ‘வியூ’ என்று தனியாகப் போட்ட தொகை, ரசீது, விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவை வேண்டும். அதே பில்டரின் இரண்டாம் கட்டமே மறைக்கிறது என்றால் இன்னும் வலு: அனுமதி பெற்ற மனைத் திட்டத்தை மாற்ற, பிரிவு 14-இன்படி மூன்றில் இரண்டு பங்கு வாங்கியவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்.

சுவரில் விரிசல் விழுந்துவிட்டது. இன்று என்ன செய்வது?

பூசி மறைக்காதீர்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே, இரு பக்கமும் எபாக்ஸியால் ஒட்டி, அதிலும் தேதி எழுதுங்கள்; பெயின்டைச் சுரண்டி செங்கல்லின் மேலோ பூச்சின் மேலோ ஒட்ட வேண்டும், பெயின்டின் மேல் ஒட்டினால் பெயின்டுதான் உரியும். கண்ணாடி உடைந்தால் கட்டடம் இன்னும் நகர்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல், திடீரென்று கதவு இறுகுவது, 5 மில்லிமீட்டரைத் தாண்டும் அகலம் ஆகியவற்றில் எது வந்தாலும் கட்டமைப்புப் பொறியாளரை அன்றே அழைத்து, பள்ளத்தில் வேலையை நிறுத்தச் சொல்லி மாநகராட்சிக்கும் பில்டருக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். பில்லரிலோ பீமிலோ விரிசல் என்றால் அந்த வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டு எழுதுங்கள்.

விற்றுவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறேன். வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

வேலி வெளியே தெரியும்போது அதைச் சொல்லும் கடமை சட்டத்தில் இல்லை. ஆனால் அவர் கேட்டு, நீங்கள் “பக்கத்தில் எதுவும் வராது” என்று சொன்னால் அது தவறான எடுத்துரைப்பு, விற்பனையே ரத்தாகலாம். அனுமதி வரைபடத்தின் நகலைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.